பட்டாணிக்குக் காடு உண்டா? 36 வருடம் தாமதமான ஒரு பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பேருந்தில் போகும்போதோ மதியம் ஓய்வாக இருக்கும்போதோ படியுங்கள். "சார் மறுபடியும் வகுப்பு எடுக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் மேல்மலைப் பள்ளியில் 1988-ல் ஏழாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

அந்த வருடம் கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பயிற்சி முடித்து வேலைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நிறையவே இருந்த வயது. அன்று அறிவியலில் விதை பரவுதல் பாடம். எருக்கு விதை காற்றில் போகும், தேங்காய் நீரில் மிதக்கும், நாயுருவி ஆட்டு மயிரில் ஒட்டிக்கொண்டு போகும், அவரைக் குடும்பத்துக் காய்கள் வெடித்துச் சிதறும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். சன்னலுக்கு வெளியே வெள்ளைப் பூ பூத்த பட்டாணித் தோட்டம்.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "சார், பட்டாணியும் அவரைக் குடும்பம்தானே. எங்க தோட்டத்துல காய் காஞ்சாலும் வெடிக்கறதில்லையே. வெடிக்கலைன்னா அது தானா எப்படிப் பரவும்? நாம போடறதுக்கு முன்னாடி பட்டாணி எங்க சார் இருந்துச்சு?"

என்ன கேள்வி பாருங்கள்! நான் சொன்ன பதில் இதுதான்: "அது வெள்ளைக்காரன் கொண்டு வந்த செடி. விதைச்சாத்தான் முளைக்கும். காட்டுப் பட்டாணின்னு ஒண்ணு கிடையாது. உட்காரு." வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. உயர்நிலைப் பள்ளி தூரம், வீட்டில் அனுப்பவில்லை. என் பதிலால் நின்றது என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகு என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வேளாண்மை படிக்கும் என் தம்பி பேத்தி 2024-ல் ஒரு நாள் போனில், "தாத்தா, பட்டாணிக்கு ரெண்டு காட்டுச் சொந்தக்காரங்க இருக்காங்க தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் அனுப்பியதையும் நானே தேடியதையும் சேர்த்து நாலு மாதமாகப் படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், வெள்ளைக்காரன் கொண்டு வந்தான் என்றேனே, அதிலேயே பாதி தப்பு. மலையில் விளையும் இனிப்பான பச்சைப் பட்டாணி ரகங்கள் வேண்டுமானால் ஆங்கிலேயர் காலத்து வரவு. பட்டாணி என்ற பயிர் அப்படி இல்லை. ஹரப்பா அகழாய்விலேயே கருகிய பட்டாணி கிடைத்திருக்கிறது. வடக்கே அது நாலாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழைய பயிர். ஆனால் அங்கேயும் அது பிறக்கவில்லை. பிறந்த வீடு மேற்கே, துருக்கி, சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம்.

அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் இன்றைக்கும் இரண்டு காட்டுப் பட்டாணிகள் வளர்கின்றன. ஒன்றின் பெயர் பைசம் எலேஷியஸ். இன்னொன்று பைசம் ஃபுல்வம். பைசம் என்றால் பட்டாணி. எலேஷியஸ் என்றால் லத்தீனில் 'இன்னும் உயரமானது'. ஃபுல்வம் என்றால் 'செம்மஞ்சள், பழுப்புக் கலந்த நிறம்'. பெயர் வைத்தவர்கள் பார்த்ததும் கண்ணில் பட்டதையே பெயராக வைத்துவிட்டார்கள். நம் ஊரில் நெட்டையன், செவலை என்று மாட்டுக்குப் பெயர் வைப்பது போலத்தான்.

நெட்டையனை முதலில் பார்ப்போம். முட்புதர், ஓக் மரப் புதர் இவற்றின் மேல் பற்றுக்கம்பியை வீசி ஆள் உயரத்துக்கு மேலே ஏறிவிடும். பூ நம் பட்டாணிப் பூவின் அதே அமைப்பு. மேலே விரியும் பெரிய இதழ் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, நடுவில் இருக்கும் இரண்டு சிறகிதழ்கள் கருஞ்சிவப்பு. மெண்டல் பாடத்தில் 'ஊதா மலர்' என்று படித்தீர்களே, அந்தப் பூவின் பாட்டன் இதுதான். இது பரவியிருக்கும் எல்லை பெரிது. மேற்கே ஸ்பெயின் முதல் கிழக்கே காக்கசஸ், ஈரான் வரை, தெற்கே வட ஆப்பிரிக்கா.

ஃபுல்வம் சின்னச் செடி. முழங்காலைத் தொட்டாலே அதிகம். கல்லும் வெயிலுமான காய்ந்த சரிவுகளில் வளரும். பூ சிறிது, நிறம் துருப்பிடித்த இரும்பை நினைவூட்டும் ஆரஞ்சு மஞ்சள். பட்டாணிப் பூவில் இப்படி ஒரு நிறம் இருக்கும் என்று படத்தைப் பார்க்கும்வரை நான் நம்பவில்லை. இதன் எல்லையும் சிறியது. ஜோர்டான் முதல் தெற்குத் துருக்கி வரை உள்ள ஒரு பட்டை, பக்கத்தில் சைப்ரஸ் தீவு, அவ்வளவுதான்.

இந்தச் செடியிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. இதில் சில வகைகள் மண்ணுக்கு மேலே ஒரு காய்ப்பு, மண்ணுக்குள்ளே ஒரு காய்ப்பு என்று இரண்டு விதமாகக் காய்க்கின்றன. நிலக்கடலை மாதிரியா என்று கேட்பீர்கள். இல்லை. நிலக்கடலை மேலே பூத்து, பிறகு விழுதை மண்ணுக்குள் இறக்கும். இதில் மண்ணுக்குள்ளேயே ஓடும் தண்டில் விரியாத பூ வந்து, தனக்குத்தானே மகரந்தச் சேர்க்கை செய்து, அங்கேயே காய்க்கிறது. மேலே இருப்பதை ஆடு தின்றாலும் தீ பிடித்தாலும் உள்ளே இருக்கும் சில விதைகளுக்கு ஆபத்தில்லை. வறண்ட நிலத்து அம்மாக்கள் அரிசிப் பானைக்குள் காசு ஒளித்து வைப்பார்களே, அது ஞாபகம் வந்தது எனக்கு.

இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. இரண்டு காட்டுப் பட்டாணியின் காயும் வெடிக்கும்.

நம் குழந்தைகள் பட்டாசுக் காயை எச்சில் தொட்டு வெடிக்க வைப்பார்கள். அது ஈரம் பட்டால் வெடிப்பது. காட்டுப் பட்டாணி நேர்மாறு. காய்ந்து, உச்சி வெயிலில் இரண்டு ஓடும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு விதையைத் தூர எறியும். பச்சைப்பயறு அறுக்கிறவர்களுக்கு இது தெரியும். வெயில் ஏறுமுன், பனி ஈரம் இருக்கும்போதே ஏன் பறிக்கிறோம்? நேரமானால் நெற்று வெடித்துப் பாதி மண்ணுக்குப் போய்விடும். காட்டுப் பட்டாணியில் இது இன்னும் மோசம். அதோடு விதையின் தோல் சொரசொரப்பாக, தண்ணீர் புகாதபடி கெட்டியாக இருக்கும். சுண்டலுக்கு ஊறப்போட்டால் நாலைந்து மட்டும் ஊறாமல் கல்லாகவே கிடந்து பல்லைப் பதம் பார்க்குமே, அந்த மாதிரி. காட்டுப் பட்டாணியில் பெரும்பாலும் எல்லாமே அந்தக் கல்லு விதைதான். மழை வந்ததும் ஒரே வருடத்தில் எல்லாம் முளைத்து, அடுத்து மழை பொய்த்தால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று முளைக்கும். செடிக்கு அது நல்லது. விதைத்துச் சாப்பிட நினைக்கும் மனிதனுக்குக் கெட்டது. ஒரு படி போட்டால் ஒரு படி கூடத் திரும்ப வராது.

அப்படியானால் மனிதன் இதை எப்படிப் பயிராக்கினான்? இங்கேதான் வரலாறு சூடு பிடிக்கிறது.

எங்கோ ஒரு செடியில் காய் வெடிக்காத குறை பிறவியிலேயே வந்திருக்க வேண்டும். இன்னொன்றில் விதைத்தோல் மெலிந்து போன குறை. காட்டில் இவை இரண்டும் ஊனம். காய் செடியிலேயே தங்கிவிடும், விதை காலமில்லாமல் முளைத்துச் சாகும். ஆனால் பறிக்க வந்த மனிதனின் கையில் அகப்பட்டது வெடிக்காத காய்தான். போட்டதும் முளைத்தது மெல்லிய தோல் விதைதான். அந்த 'ஊனம்' தலைமுறை தலைமுறையாகப் பெருகி நம் பட்டாணி ஆனது. சுமார் பத்தாயிரம் வருடங்களுக்கு முன்பு கோதுமை, பார்லி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலையோடு சேர்ந்து பட்டாணியும் மனிதனோடு வீட்டுக்கு வந்தது. தென்கிழக்குத் துருக்கியில் சாயோனூ, பாலஸ்தீனத்தில் ஜெரிக்கோ போன்ற பழைய குடியிருப்புகளில் கருகிய பட்டாணிகள் கிடைத்திருக்கின்றன. கருகிய விதையைப் பார்த்து இது காட்டு விதையா வீட்டு விதையா என்று சொல்லத் தோலைத்தான் பார்ப்பார்களாம். சொரசொரப்பு என்றால் காடு, வழவழப்பு என்றால் வீடு. சங்கடம் என்னவென்றால் கருகும்போது பெரும்பாலும் தோல்தான் முதலில் உதிர்ந்துவிடும்.

இந்தக் கதையில் அறிஞர்களுக்குள் ஒரு நல்ல சண்டையும் உண்டு. 1987-ல் கிடியோன் லாடிஸின்ஸ்கி என்ற இஸ்ரேல் அறிஞர், கல்லு விதையை விதைத்து எந்த முட்டாளும் விவசாயம் செய்யமாட்டான், எனவே காட்டில் பொறுக்கிய காலத்திலேயே குணம் மாறியிருக்க வேண்டும், அதன் பிறகே உழவு வந்தது என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் மைசூர்ப் பருப்பு. டேனியல் ஸோஹரி என்ற மூத்தவர் இதை ஏற்கவில்லை. உழவு தொடங்கிய பிறகே குணம் மாறும் என்பது அவர் கட்சி. பிறகு 2008-ல் ஷஹால் அப்போ என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் நாற்காலியை விட்டு எழுந்து காட்டுக்கே போய், காட்டுப் பட்டாணிகளைக் கையால் பறித்து, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எடை போட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். இந்த மனிதர்களை எனக்குப் பிடித்துவிட்டது. விவாதம் செய்கிறவர்களில் எத்தனை பேர் வெயிலில் குனிந்து பயறு பறித்திருப்பார்கள்?

இனி அந்த இரண்டு செடிகளுக்குப் பெயர் வந்த கதை.

எலேஷியஸுக்குப் பெயர் வைத்தவர் மார்ஷல் ஃபான் பீபர்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து ரஷ்ய அரசு வேலையில் சேர்ந்தவர். கிரிமியா, காக்கசஸ் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பை மேற்பார்வை செய்யும் அதிகாரி. வேலைக்குப் போன இடமெல்லாம் செடி பொறுக்கி, 1808-ல் அந்தப் பகுதியின் தாவர நூலை வெளியிட்டார். அதில்தான் இந்த நெட்டைப் பட்டாணி வருகிறது. அரசு வேலை பார்த்துக்கொண்டே இப்படி ஒரு காரியம்! நானும்தான் அரசு வேலை பார்த்தேன், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தேர்தல் பணியும்தான் மிச்சம்.

ஃபுல்வத்தின் கதை கொஞ்சம் சோகமானது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சிப்தார்ப், ஃபெர்டினாண்ட் பாயர் என்ற அற்புதமான ஓவியரையும் கூட்டிக்கொண்டு 1786-87-ல் கிரேக்க நாட்டுப் பக்கமும் துருக்கிப் பக்கமும் சுற்றினார். 1794-ல் இன்னொரு முறை போனார். அந்தப் பயணத்தில் உடம்பு கெட்டு 1796-ல் இறந்தும் போனார். வயது 37. சொத்தில் ஒரு பகுதியைப் புத்தகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனதால், ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்பவர் அவர் குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். 1813-ல் வந்த பகுதியில் பைசம் ஃபுல்வம் என்ற பெயர் முதல் முறையாக அச்சில் வந்தது. சிப்தார்ப் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு காட்டுப் பட்டாணியும் 1813-க்குள் புத்தகத்தில் ஏறிவிட்டன. ஆனாலும் இவைதான் நம் பட்டாணியின் உறவு என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பயிர்களின் பிறப்பிடம் பற்றி 1880-களில் பெரிய நூல் எழுதிய ஸ்விட்சர்லாந்து அறிஞர் அல்ஃபோன்ஸ் டி காண்டோல், தோட்டப் பட்டாணி ஒரு காலத்தில் மேற்கு ஆசியாவில் இருந்திருக்கும், இப்போது காட்டில் எங்கும் இல்லை என்றே முடிவு கட்டினார். இதைப் படித்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். நான் சொன்ன தப்பை நூறு வருடத்துக்கு முன் ஒரு மேதையும் சொல்லியிருக்கிறார்! ஆனால் அவர் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் தேடாமல் சொன்னேன். வித்தியாசம் இருக்கிறது.

மெண்டலைச் சொல்லாமல் பட்டாணி வரலாறு கிடையாது. பத்தாம் வகுப்பில் நீங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தவர்தான். புருன் நகர மடத்தில் 1856 முதல் 1863 வரை ஆராய்ச்சி. பலரும் நினைப்பது போல அவர் ஏதோ கைக்குக் கிடைத்த செடியை வைத்துத் தொடங்கவில்லை. விதை வியாபாரிகளிடம் 34 ரகங்கள் வாங்கி, இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்து, குணம் மாறாமல் இருந்த 22 ரகங்களை எடுத்துக்கொண்டார். அந்த ரகங்களில் சிலவற்றை அன்றைய தாவரவியலாளர்கள் தனி இனம் என்றே பிரித்து வைத்திருந்தார்கள். மெண்டல் என்ன செய்தார் தெரியுமா? எது இனம், எது ரகம் என்று கோடு போடுவது முடியாத காரியம், என் சோதனைக்கு அது தேவையும் இல்லை என்று ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார். ஊதாப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 929 செடிகளை எண்ணினார். 705 ஊதா, 224 வெள்ளை. 3-க்கு 1 என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

இப்போது யோசியுங்கள். அந்த ஊதா எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து. நெட்டையனின் பூவும் ஊதாதான். வெள்ளைப் பூ என்பது மனிதன் கைக்கு வந்த பிறகு பெருகிய ஒரு குறை. நிறம் உண்டாக்கும் ஒரு மரபணு பழுதானால் பூ வெளுக்கும், விதைத்தோலின் கறுப்பும் துவர்ப்பும் சேர்ந்து போகும். சாப்பிட நன்றாக இருக்கிறது என்று மனிதன் அதைப் பிடித்துக்கொண்டான். மேல்மலைத் தோட்டத்தில் நாம் பார்த்ததெல்லாம் வெள்ளைப் பூ. புத்தகத்தில் இருந்த ஊதாப் பூவை என் மாணவர்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஊதா ஏன் ஓங்கு பண்பு என்று மனப்பாடம் செய்தோம். ஊதாதான் மூத்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எலேஷியஸா ஃபுல்வமா, எது உண்மையான தாத்தா என்ற வழக்குக்குத் தீர்ப்பு 1973-ல் வந்தது. அதே டேனியல் ஸோஹரியும் பென்-ஸீவும் காட்டுப் பட்டாணிகளையும் வீட்டுப் பட்டாணியையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் குரோமோசோம் 14-தான். ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. எலேஷியஸ் கூட்டத்தோடு வீட்டுப் பட்டாணி சுலபமாகச் சேர்ந்தது. அதிலும் கோலான் மேட்டிலும் துருக்கியிலும் வளரும் ஒரு குட்டை வகையின் குரோமோசோம் அடுக்கு அப்படியே நம் பட்டாணியின் அடுக்கு. எலேஷியஸ் கூட்டத்தின் மற்றவற்றில் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தன. ஃபுல்வத்தின் கதை வேறு. வீட்டுப் பட்டாணியைத் தாயாகவும் ஃபுல்வத்தைத் தந்தையாகவும் வைத்தால்தான் விதை பிடித்தது. திருப்பிப் போட்டால் பிடிக்கவில்லை. பிறந்த பிள்ளைகளுக்கும் வளமை குறைவு.

ஆக, எலேஷியஸ் நேரடிப் பாட்டன். ஃபுல்வம் பங்காளி. ஒரே ஊரில் இருந்துகொண்டு கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகும் பங்காளி.

இரண்டும் ஒரே மலையில் வளர்ந்தும் மனிதன் ஏன் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கூட்டி வந்தான்? தென்கிழக்குத் துருக்கியும் வட சிரியாவும்தான் விவசாயத்தின் தொட்டில் என்று 2000-ல் லெவ்-யாதூன், கோஃபர், அப்போ மூவரும் எழுதினார்கள். ஃபுல்வத்தின் சொந்த ஊர் அதற்குத் தெற்கே. கோதுமையையும் மற்றப் பருப்புகளையும் பழக்கியவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் நிறைய இருந்தது நெட்டையனின் கூட்டம்தான், அதனால் அதற்கு அதிர்ஷ்டம் அடித்தது. இது என் கணக்கு. மறுப்பவர்கள் கருத்துப் பகுதியில் மறுக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஃபுல்வம் முழுவதுமாக ஒதுங்கிவிடவில்லை. எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதியில் 'தெகோகோ' என்று ஒரு சின்னப் பட்டாணி விளைகிறது. அங்கே விரும்பிச் சாப்பிடும் பருப்பு. அதன் மரபணுவை அலசியவர்களுக்கு ஆச்சரியம். அதில் எலேஷியஸ் பக்கத்துப் பங்கும் இருக்கிறது, ஃபுல்வம் பக்கத்துப் பங்கும் இருக்கிறது. சேராத இரண்டு பங்காளிகள் எப்போதோ ஒரு முறை சேர்ந்து, அந்தப் பிள்ளையை ஏழை விவசாயிகள் மலையில் வளர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் பட்டாணியோடு சேராமல் தனியாகப் பயிரான இரண்டாவது பட்டாணி அது.

இப்போது ஃபுல்வத்துக்குத் திடீரென்று மரியாதை வந்திருக்கிறது. பட்டாணி வண்டு இருக்கிறதே, அது பச்சைக் காய் மேல் முட்டையிடும், புழு துளைத்து உள்ளே போய் விதையைத் தின்று வளரும். பட்டாணியை உடைத்தால் உள்ளே வண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத அம்மா உண்டா? அந்த வண்டுக்கு ஃபுல்வத்திடம் ஜம்பம் பலிக்கவில்லை என்று அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் எழுதினார்கள். ஸ்பெயினில் கோர்டோபாவில் இருப்பவர்கள் சாம்பல் நோயைத் தாங்கும் ஒரு மரபணுவை ஃபுல்வத்திலிருந்து எடுத்து வீட்டுப் பட்டாணிக்கு மாற்றியிருக்கிறார்கள். மேல்மலைக்காரர்களுக்குச் சாம்பல் நோய் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இலையில் மாவு தூவியது போல வந்ததும் கந்தகத் தூளோடு ஓடியவர்கள் நீங்கள். அதற்கு மருந்து ஒரு துருப்பிடித்த நிறப் பூவுக்குள் இருந்திருக்கிறது. கலப்பு சுலபமாக நடக்காததால்தான் இவ்வளவு காலம் யாரும் எடுக்கவில்லை.

சேர்க்க நேரம் வேண்டும். அதற்குச் செடி இருக்க வேண்டும். அங்கேதான் என் மனம் கொஞ்சம் கலங்கியது. ஃபுல்வத்தின் அந்தச் சின்னப் பட்டை எந்த நாடுகளின் மேல் கிடக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன், ஒரு முறை திரும்பப் படியுங்கள். செய்தியில் தினம் குண்டு விழும் பெயர்கள்தான். அந்தப் பகுதிப் பயிர் விதைகளைச் சேர்த்து வைத்திருந்த இக்கார்டா என்ற பன்னாட்டு நிலையம் அலெப்போ நகருக்குப் பக்கத்தில் இருந்தது. உள்நாட்டுப் போரில் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. நல்ல வேளை, முன்பே நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு பனித் தீவில் இருக்கும் விதைக் கிடங்குக்குப் பெரும்பகுதியின் நகலை அனுப்பியிருந்தார்கள். 2008-ல் திறந்த அந்தக் கிடங்கிலிருந்து முதன்முதலாக விதையைத் திரும்ப எடுத்தது 2015-ல், இவர்கள்தான். எடுத்த விதையை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்து மறுபடி பெருக்கினார்கள்.

விதையைக் காப்பாற்றப் பட்டினி கிடந்தவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யாவின் வாவிலோவ் உலகமெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேர்த்தவர். அவர் நிலையத்தில் பட்டாணிக்கும் பருப்புகளுக்கும் பொறுப்பாளர் லியோனிட் கோவோரோவ், பட்டாணியைப் பற்றித் தனி நூலே எழுதியவர். 1940-ல் வாவிலோவைக் கைது செய்தார்கள். 1943-ல் சரத்தோவ் சிறையில் இறந்தார். கோவோரோவை 1941-ல் கைது செய்து சுட்டுவிட்டார்கள். அதே நேரத்தில் லெனின்கிராடு முற்றுகையில் நிலையத்தில் இருந்தவர்கள், சுற்றிலும் மூட்டை மூட்டையாக நெல்லும் கடலையும் பயறும் இருக்க, அதைத் தொடாமல் பசியில் இறந்தார்கள். நெல் சேகரிப்பைக் காத்தவர் டிமிட்ரி இவானோவ், நிலக்கடலையைக் காத்தவர் அலெக்சாண்டர் ஷூக்கின். இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவி விளக்கைப் போட்டு என்ன என்று கேட்டாள். பட்டாணி என்றேன். தலையில் அடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

இன்னொரு செய்தி, வேடிக்கைக்காக. மரபணுவைப் பார்த்த பிறகு, பட்டாணி என்பது தனிக் குடும்பக் கிளையே இல்லை, கேசரிப் பருப்பு இருக்கும் லாத்திரஸ் பேரினத்துக்குள் அடங்கியதுதான் என்று தெரிந்துவிட்டது. லண்டன் கியூ தோட்டத்துப் பட்டியலில் பட்டாணிக்கு இப்போது பெயரே மாறியாயிற்று, லாத்திரஸ் ஒலெரேசியஸ் என்று. ஃபுல்வமும் லாத்திரஸ் ஃபுல்வஸ் ஆகிவிட்டது. துவரம்பருப்பில் கேசரி கலப்படம் என்று நாம் திட்டித் தீர்த்த அந்தப் பருப்பு, பட்டாணிக்குச் சித்தப்பா முறை. பைசம் சட்டைவம் என்று நீங்கள் எழுதி வாங்கிய மதிப்பெண்ணை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

கடற்கரையில் மாங்காய் கீறிப் போட்டு விற்கும் சுண்டல் பட்டாணிகூடப் பல வருடங்களாகக் கனடாவிலிருந்து கப்பலில் வந்ததுதான் அதிகம். துருக்கி மலையில் வெடித்துச் சிதறிக்கொண்டிருந்த விதை, வெடிக்க மறந்த ஒரே காரணத்தால் கனடா போய், அங்கிருந்து மெரினா வந்திருக்கிறது. அடுத்த முறை பொட்டலம் வாங்கும்போது ஒன்றை உரித்து வழவழப்பான தோலைத் தடவிப் பாருங்கள்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். 1988-ல் ஏழாம் வகுப்பில், மூன்றாவது வரிசையில், சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பெண். பெயரை இங்கே எழுதவில்லை, அவள் விருப்பம் தெரியாமல் எழுதுவது சரியல்ல. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். அவளுடைய அப்பா மட்டக்குதிரை வைத்துப் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். பழனிப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்வி. யாருக்காவது தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அவளிடம் காட்டுங்கள். கைப்பேசி இல்லையென்றால் வாசித்துக் காட்டுங்கள். பட்டாணிக்குக் காடு உண்டு, அங்கே அது வெடிக்கும், நீ கேட்டது சரியான கேள்வி, சார் சொன்னதுதான் தப்பு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவள் பிள்ளைகளுக்கு நேரமிருந்தால் என் எண்ணுக்கு ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். எண் உங்களில் பலரிடம் இருக்கிறது.